கரும்பு வேரடியில் நூற்புழு: பூஞ்சையால் அடக்க முடியுமா?

சென்னிமலையைச் சுற்றிய தோட்டங்களில் கரும்பு தனிப் பயிராக நிற்பதில்லை. கீழ்பவானி வாய்க்கால் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் பாயும் இந்தச் செம்மண் பூமியில் மஞ்சள், வாழை, நெல், நிலக்கடலை, கரும்பு என்று ஒரே நிலத்தில் பயிர்கள் மாறி மாறி வருகின்றன. மஞ்சள் வெட்டிய நிலத்தில் கரும்பு நடுவதும், கட்டைக்கரும்பை அழித்துவிட்டு வாழை வைப்பதும் இங்கே வழக்கம். மேலே பயிர் மாறினாலும் வேரடியில் ஒரு கூட்டம் மாறாமல் இருந்துவிடுகிறது. மஞ்சளையும் வாழையையும் கரும்பையும் ஒன்றுபோல உண்ணக்கூடிய வேர்முடிச்சு நூற்புழு அதில் ஒன்று. பயிர் சுழற்சி செய்துவிட்டோம் என்று விவசாயி நினைக்கும்போது, அந்தப் புழுவுக்கு ஒரு போகம்கூடப் பட்டினி விழுந்திருக்காது.

இந்தக் கூட்டத்தை எதைக் கொண்டு அடக்குவது என்ற கேள்விக்கு நூறாண்டுகளுக்கு மேலாகப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. மண்ணில் நஞ்சு இடுவது, நிலத்துக்கு ஓய்வு கொடுப்பது, புண்ணாக்கும் ஆலைக்கசடும் போடுவது எல்லாம் பழைய பதில்கள். நூற்புழுவைத் தின்னும் பூஞ்சைகளைக் கொண்டு அதை ஒடுக்குவது என்ற யோசனைக்கும் வயது குறைவில்லை. ஆனால் அதை முன்வைப்பவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சிகள் உண்டு. நல்ல பூஞ்சையை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து வயலில் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பது ஒரு கட்சி. மண்ணில் ஏற்கெனவே இருப்பவற்றுக்குத் தீனி போட்டு வளர்த்தால் போதும் என்பது மற்றொன்று. கரும்பைப் பொறுத்தவரை இவற்றில் எது எவ்வளவு தூரம் நிற்கும் என்பதுதான் இன்றைக்கு எடைபோட வேண்டியது.

கண்ணுக்குத் தெரியாத சேதம்

கரும்பு நூற்புழு ஆராய்ச்சியின் தொடக்கம் ஜாவாவில். அங்கே பணியாற்றிய டச்சுத் தாவரவியலாளர் மெல்கியோர் திரோய்ப், 1885-ல் கரும்பு வேரில் முடிச்சு உண்டாக்கும் ஒரு புழுவை விவரித்தார். இன்றைக்கு அது மெலாய்டோகைனி ஜவானிகா என்ற பெயரில் உலகம் முழுவதும் பல நூறு பயிர்களின் பகைவனாக அறியப்படுகிறது. அதற்குப் பிறகு கரும்பு வேரில் கண்டறியப்பட்ட நூற்புழு இனங்களின் பட்டியல் மிக நீண்டது. வேர்த்திசுவுக்குள் குடைந்து நகரும் பிராட்டிலென்கஸ் ஜியே என்ற வேர் அழுகல் நூற்புழு, சுருள் நூற்புழு, ஈட்டி நூற்புழு, மொச்சை வடிவ நூற்புழு எனப் பல வகைகள் ஒரே குத்தின் வேரடியில் சேர்ந்தே வாழ்கின்றன. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது.

சேதம் எவ்வளவு என்பதில்தான் முதல் சச்சரவு. 1987-ல் சாசர், ஃப்ரெக்மன் இருவரும் வெளியிட்ட உலகக் கணக்கு, கரும்பில் நூற்புழுவால் ஆண்டுக்கு 15.3 சதவீத இழப்பு என்றது. இந்த எண் இன்றுவரை எடுத்தாளப்படுகிறது. ஆனால் அது பல நாட்டு நூற்புழு அறிஞர்களிடம் கருத்துக் கேட்டுத் தொகுத்த மதிப்பீடு. வயல் வயலாக அளந்து எடுத்த கணக்கு அன்று. தென்னாப்பிரிக்காவின் மணற்பாங்கான கரும்பு நிலங்களில் இழப்பு பெரிதாகவே காணப்பட்டது. களிமண் நிலங்களில் நூற்புழுவைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்ற எண்ணம் வெகுகாலம் நிலவியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பிளேரும் ஸ்டெர்லிங்கும் நடத்திய வயலாய்வுகள், களிப்பாங்கான மண்ணிலும் வெளியே தெரியாத இழப்பு உண்டு என்று காட்டி அந்த எண்ணத்தை அசைத்தன.

தென்னாப்பிரிக்க ஆய்வுகளிலிருந்து இன்னொரு நுட்பமும் தெரியவந்தது. வேரடியில் எத்தனை புழு என்பதைவிட எந்த இனம் எந்த விகிதத்தில் இருக்கிறது என்பது முக்கியம். சுருள் நூற்புழு மேலோங்கியிருக்கும் வயலில் சேதம் குறைவாகவும், வேறு சில இனங்கள் மேலோங்கினால் சேதம் அதிகமாகவும் இருந்ததைக் கேடேயும் ஸ்பாலும் எடுத்துக்காட்டினார்கள். ஆகவே ‘நூற்புழுவை ஒழிப்பது’ என்ற இலக்கே சற்றுக் கரடுமுரடானது. ஒன்றைக் குறைத்தால் அதன் இடத்தை வேறொன்று பிடிக்கும்.

கொங்கு விவசாயிக்கு இந்தச் சேதம் பிடிபடாமல் போவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. மேலே தெரியும் அறிகுறிகள் வெளிறிய தோகை, குறைந்த தூர்கள், குட்டையான கணுவிடை, உச்சி வெயிலில் வாடல். சுண்ணாம்பு கலந்த நிலத்தில் கட்டைக்கரும்பு இரும்புச்சத்துக் குறைவால் வெளுப்பதும் இப்படித்தான் இருக்கும். தண்ணீர் போதாத கரும்பும் இப்படித்தான் வாடும். தக்காளி வேரிலோ கத்தரி வேரிலோ முடிச்சுகள் கொத்தாகத் தெரியும். கரும்பு வேரில் நுனி மட்டும் லேசாகத் தடித்திருக்கும். வேர் அழுகல் நூற்புழுவோ முடிச்சே உண்டாக்காது. வேர் கறுத்து, சல்லிவேர் குறைந்துபோவதோடு சரி. மண்ணும் வேரும் எடுத்துப் பரிசோதிக்காமல் இதை உறுதிசெய்ய வழியில்லை.

குருணை மருந்தின் காலம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கேள்வி முடிந்துவிட்டதாகவே பலர் நம்பினார்கள். மண்ணுக்குள் ஆவியாகப் பரவும் டிபிசிபி, பிறகு ஆல்டிகார்ப், கார்போஃபியூரான் போன்ற குருணைகள் சந்தைக்கு வந்தன. நட்டு இரண்டு மூன்று மாதங்களுக்குள் பயிர் பச்சை பிடித்துத் தூர் கட்டுவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. இந்தப் பலன் உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. நூற்புழுவால் கரும்பு எவ்வளவு இழக்கிறது என்பதே பெரும்பாலும் இந்த மருந்துகளை இட்ட பாத்தியையும் இடாத பாத்தியையும் ஒப்பிட்டுத்தான் தெரியவந்தது.

விலையும் தெரியவந்தது. 1977-ல் கலிஃபோர்னியாவில் டிபிசிபி தயாரித்த ஆலைத் தொழிலாளர்களிடம் மலட்டுத்தன்மை கண்டறியப்பட்டது. அந்த மருந்தும் ஆல்டிகார்பும் இன்று இந்தியாவின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. இளங்குருத்துப் புழுவுக்கும் நூற்புழுவுக்கும் சேர்த்துக் கொங்குக் கரும்புக்காரர்கள் நெடுநாள் நம்பியிருந்தது கார்போஃபியூரான் குருணை. 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட ஆணை, 3 சதவீத உறையிட்ட குருணையைத் தவிர அதன் மற்ற வடிவங்களை நிறுத்தியது. மருந்தை மீண்டும் மீண்டும் இடும் நிலத்தில் அதையே தின்று சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகி, பலன் சீக்கிரம் தேய்ந்துபோவதும் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. புதிய தலைமுறை நூற்புழுக்கொல்லிகள் வந்துள்ளன. ஆனால் அவற்றின் விலையைக் காய்கறித் தோட்டம் தாங்குவதுபோலக் கரும்பு தாங்குமா என்பது சந்தேகமே.

இதற்கிடையே இயற்கைப் பொருள்களின் பதிலும் தொடர்ந்து இருந்துவந்தது. வேப்பம் புண்ணாக்கு, கோழி எரு, ஆலைக்கசடு, ஊடுபயிராகச் சணப்பு அல்லது செண்டுமல்லி ஆகியவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கரும்புக்குப் பரிந்துரைக்கும் முறைகளில் அடங்கும். வேப்பம் புண்ணாக்கு ஹெக்டேருக்கு இரண்டு டன் என்ற அளவு, இன்றைய விலையில் சிறு விவசாயிக்கு எட்டாது.

பொறி வைக்கும் பூஞ்சைகள்

பூஞ்சையின் கதை ஒரு வேடிக்கையான காட்சியில் தொடங்குகிறது. 1888-ல் ஜெர்மானியப் பூஞ்சையியலாளர் வில்ஹெல்ம் சாஃப், ஆர்த்ரோபாட்ரிஸ் ஒலிகோஸ்போரா என்ற மண் பூஞ்சை தன் இழைகளை வலைபோலப் பின்னி, உயிரோடு நெளியும் நூற்புழுவைப் பிடித்துத் துளைத்துத் தின்பதைக் கண்டு எழுதினார். இதன் உறவுப் பூஞ்சைகள் சிலவற்றிடம் வளையங்கள் உண்டு. புழு உள்ளே நுழைந்ததும் வளையத்தின் செல்கள் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் உப்பி அதன் உடலை இறுக்கிவிடும்.

இதை வயலுக்குக் கொண்டுவர முயன்றவர் ஹவாய்த் தீவில் அன்னாசிப் பயிரில் வேலைசெய்த லின்ஃபோர்ட். 1937-லும் அடுத்த சில ஆண்டுகளிலும் அவர் சோதித்தது எளிய ஒன்று. நறுக்கிய அன்னாசித் தழையை மண்ணில் மடக்கி உழுதபோது, அழுகலைத் தின்னும் தீங்கற்ற நூற்புழுக்கள் பெருகின. அவற்றைத் தொடர்ந்து பொறி வைக்கும் பூஞ்சைகளும் பெருகின. வேர்முடிச்சு குறைந்தது. தழை, தீனி, வேட்டைக்காரன் என்ற இந்தச் சங்கிலி கேட்க அழகாக இருந்தது. இங்கிலாந்தில் டட்டிங்டன் இந்தப் பூஞ்சைகளைப் பற்றி 1957-ல் பொதுவாசகருக்காக ஒரு புத்தகமே எழுதினார்.

அறுபதுகளில் குக் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியைச் சந்தேகித்தார். மண்ணில் நூற்புழு பெருகும்போது பொறிகள் அதற்கேற்பப் பெருகவில்லை. தழையிலிருந்து எளிதாகக் கிடைக்கும் சர்க்கரைச் சத்து இருக்கும்வரைதான் பூஞ்சைகள் சுறுசுறுப்பாக இருந்தன. புழு குறைந்ததற்குத் தழை அழுகும்போது வரும் அமிலங்களும் அம்மோனியாவும்கூடக் காரணமாக இருக்கலாம். பிரான்சில் கேரோலும் குழுவினரும் எழுபதுகளின் இறுதியில் இரண்டு ஆர்த்ரோபாட்ரிஸ் தயாரிப்புகளைக் கொண்டுவந்தார்கள். ஒன்று காளான் வளர்ப்புக்கு, மற்றொன்று தக்காளிக்கு. கட்டுக்குள் இருக்கும் காளான் படுகையில் கிடைத்த நம்பிக்கை திறந்த வயலுக்குப் பரவவில்லை. வெளியிலிருந்து போடப்படும் பூஞ்சையை அந்த மண்ணின் பழைய குடிகள் எளிதில் வேர்விட விடுவதில்லை என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது.

முட்டையைத் தேடும் பூஞ்சைகள்

அடுத்த திருப்பம் பெருவில். லிமாவிலுள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையத்தில் ஜடாலாவும் உடனிருந்தோரும் 1979-ல், அப்போது பெசிலோமைசிஸ் என்று அழைக்கப்பட்ட ஒரு பூஞ்சை வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டைகளை அழிப்பதை அறிவித்தார்கள். 2011-ல் அதற்குப் பர்பியூரியோசிலியம் லிலாசினம் என்று பெயர் மாறியது. கடைப் பொட்டலங்களில் இன்றும் இரண்டு பெயர்களையும் காணலாம். பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் ரோமுலோ டாவிதே இதே பூஞ்சையை வணிகத் தயாரிப்பாக்கினார். 2012-ல் மகசேசே விருது பெற்றவர் அவர். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் பிரையன் கெர்ரி வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தார். தொடர்ந்து தானியம் விளையும் சில வயல்களில் முட்டைக்கூடு நூற்புழு தானாகவே குறைந்துகொண்டிருந்தது. அந்த மண்ணில் ஃபார்மலினை ஊற்றியபோது புழு குறைவதற்குப் பதிலாகப் பெருகியது! மருந்து கொன்றது புழுவின் எதிரிகளை. அந்த எதிரிகளில் ஒன்றுதான் இன்று பொகோனியா கிளாமிடோஸ்போரியா என்று விற்கப்படும் பூஞ்சை.

இவை வேலைசெய்யும் விதம் தெளிவானது. வேர்முடிச்சு நூற்புழுவின் பெண், சில நூறு முட்டைகளை ஒரு கூழ்ப்பையில் வேரின் மேற்பரப்பில் இடுகிறது. பூஞ்சை இழை அந்தப் பையைத் துளைத்து, முட்டையின் ஓட்டில் ஒட்டி, புரதத்தையும் கைட்டினையும் கரைக்கும் நொதிகளைச் சுரந்து உள்ளே போகிறது. நகராத முட்டைக் குவியல் கிடைத்துவிட்டால் துரத்த வேண்டிய வேலையே இல்லை.

கரும்பில் இந்தக் கட்சியின் முதல் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. உலகின் பல கரும்பு மண்டலங்களில் முதன்மைப் பகைவனாகக் கருதப்படும் வேர் அழுகல் நூற்புழு முட்டைகளைக் குவித்து வைப்பதில்லை. வேர்த்திசுவுக்குள்ளும் மண்ணிலும் ஒன்றிரண்டாக இட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. முட்டை தேடும் பூஞ்சைக்கு அது கடினமான இரை. வேர்முடிச்சு இனத்திலும்கூட, முட்டைப்பை வேருக்குள்ளேயே புதைந்து போனால் பூஞ்சை எட்டுவதில்லை என்று கெர்ரியின் குழு பிற பயிர்களில் காட்டியிருக்கிறது.

இரண்டாவது பலவீனம் எண்ணிக்கை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரின் மேல் 15 செ.மீ. மண் சுமார் 20 லட்சம் கிலோ. கிராமுக்கு 20 லட்சம் உயிர்வித்துகள் கொண்ட தூளை ஹெக்டேருக்கு 2.5 கிலோ வீதம் பரவலாகத் தூவினால், ஒரு கிராம் மண்ணுக்குக் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று வித்துகள். பொகோனியாவைச் சோதித்த ராதம்ஸ்டெட் ஆய்வுகளில் கிராம் மண்ணுக்கு 5,000 வித்துகள் என்ற அளவு வழக்கமாகப் பயன்பட்டது. இந்த இடைவெளியைச் சந்தைப் பேச்சு பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறது. தூளை மட்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் காத்து, சில வாரம் பெருகவிட்டு, பிறகு சாலில் கரணையை ஒட்டி இடச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்த நடுப்படியைத் தவிர்த்துவிட்டு நேரே வயலில் வீசியவர் ‘பயோ மருந்து வேலைசெய்யாது’ என்று முடிவுகட்டினால் அவரைக் குறைசொல்ல முடியாது.

வேருக்குள் இருக்கும் துணைவர்கள்

மூன்றாவது அணி, புழுவைக் கொல்வதைவிட வேரைத் திடப்படுத்துவதில் நம்பிக்கை வைக்கிறது. வேருக்குள் குடியேறி, மண்ணிலுள்ள மணிச்சத்தை எடுத்துக் கொடுக்கும் வேம் பூஞ்சைகள் இதில் முதன்மையானவை. இவை குடியேறிய வேரில் நூற்புழுவுக்கு இடமும் உணவும் குறைகின்றன. செடியின் சொந்தத் தற்காப்பும் விழித்துக்கொள்கிறது. இடப்பெயர்ச்சி செய்யும் வேர் அழுகல் நூற்புழுவும் வேருக்குள் நுழைந்தாக வேண்டும் என்பதால், முட்டை தேடும் பூஞ்சைக்குத் தப்புவதை இங்கே தடுக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது.

1912-ல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் சங்கரநாராயணன், ஹரி முதலிய விஞ்ஞானிகள் இந்த வழியில் சென்றிருக்கிறார்கள். வேம் பூஞ்சையையும் நூற்புழுவை அழிக்கும் பூஞ்சைகளையும் சேர்த்து, கரும்பின் வேர்முடிச்சு நூற்புழு மீதும் வேர் அழுகல் நூற்புழு மீதும் சோதித்து, முடிவுகளைக் கரும்பு ஆய்விதழில் வெளியிட்டுள்ளார்கள். தனித்தனியே இடுவதைவிடக் கூட்டாக இடுவதில் கவனம் குவிந்தது நல்ல திசை. ஒரே வேரடியில் பல இனப் புழுக்கள் இருக்கும்போது ஒரே பூஞ்சை போதும் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயம் குறைவு.

இதற்கும் எல்லைகள் உண்டு. வேம் பூஞ்சை உயிருள்ள வேரில்லாமல் வளராது. ஆகவே சோளம், மக்காச்சோளம் போன்ற செடிகளை வளர்த்துத்தான் அதைப் பெருக்க வேண்டும்; செலவு கூடும். மணிச்சத்து உரம் தாராளமாக இட்ட நிலத்தில் செடிக்கு அதன் துணை தேவைப்படாது, குடியேற்றமும் குறையும். ஆலைக்கரும்புக்கு மூட்டை மூட்டையாக உரம் போட்டுப் பழகிய தோட்டத்தில் இதை எதிர்பார்க்க வேண்டும். டிரைக்கோடெர்மா என்ற மண் பூஞ்சையின் விஷயம் சற்று எளிது. கரும்பில் அது முதலில் செவ்வழுகல் நோய்க்காக அறிமுகமானது. நூற்புழுவைக் குறைப்பது அதன் பக்கப் பலன் எனலாம்.

சோகையின் கீழே

குயின்ஸ்லாந்தில் தொண்ணூறுகளில் ஒரு கேள்வி எழுந்தது. ஆண்டுக்கணக்காகக் கரும்பே விளையும் நிலத்தில் விளைச்சல் ஏன் தேய்கிறது? 1993-ல் தொடங்கிய கூட்டு ஆய்வு, காரணம் ஒரு நோய் அன்று, மண்ணின் உயிர்வாழ்க்கையே சீர்கெட்டதுதான் என்ற முடிவை நோக்கி நகர்ந்தது. இடையில் சோயா அல்லது நிலக்கடலை, குறைந்த உழவு, வண்டிச் சக்கரம் ஒரே தடத்தில் ஓடுவது, சோகையை எரிக்காமல் பரப்புவது ஆகியவை அவர்கள் தந்த மாற்றுத் தொகுப்பு. கிரஹாம் ஸ்டெர்லிங்கின் பின்னாளைய ஆய்வுகளில், சோகைக்கு நேர் கீழே உள்ள மேல்மண்ணில் வளர்ந்த வேர்களை வேர் அழுகல் நூற்புழு குறைவாகவே தாக்கியிருந்தது. லின்ஃபோர்டின் அன்னாசித் தழை, அறுபது எழுபது ஆண்டுகள் கழித்துக் கரும்புச் சோகையாகத் திரும்பி வந்தது எனலாம்.

கொங்கு நாட்டுக்கு இதில் நேரடிப் பொருள் இருக்கிறது. கரும்பு வெட்டி முடிந்ததும் சோகைக்குத் தீ வைப்பது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. ஹெக்டேருக்குப் பத்து டன் அளவுக்கு வரும் சோகை ஒரே மாலையில் சாம்பலாகிறது. சித்திரை வெயிலில் மூடாமல் கிடக்கும் செம்மண், எந்தப் பூஞ்சைக்கும் நல்ல வீடாக இருக்காது. எரிப்பதற்கும் காரணங்கள் உண்டு. கட்டை சீவ ஆள் கிடைப்பதில்லை. சோகைக்குள் எலியும் பாம்பும் தங்கும். வாய்க்கால் தண்ணீர் முறை வரும்போது மடை திருப்பி நீர் கட்டச் சோகை தடையாகும். சொட்டுநீர்ப் பாசனமும் சோகை தூளாக்கும் கருவியும் இருக்கும் தோட்டங்களில் இந்தத் தடைகள் தளர்கின்றன.

இந்த அணியின் பலவீனம் அதன் மெதுவான போக்கு. அடக்கும் தன்மை மேல் சில அங்குலங்களோடு நிற்கிறது. கரும்பு வேரோ ஆழம் போகிறது. அடக்குவது பூஞ்சைதானா, இரைகொல்லி நூற்புழுவா, மண் சிலந்திப்பேனா என்று பிரித்துச் சொல்வதும் கடினம். எவ்வளவு சோகை, எத்தனை ஆண்டு என்று விவசாயி கேட்டால் உறுதியான எண் எதுவும் அதனிடம் இல்லை.

கோயம்புத்தூரில் கையிருப்பு என்ன

வசதிகளைக் கணக்கிட்டால் இந்த வட்டாரம் பணக்கார வட்டாரம். கரும்பு இனப்பெருக்க நிறுவனமும், நூற்புழுவியலுக்குத் தனித் துறையே வைத்திருக்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஒரே நகரத்தில் இருக்கின்றன. 1861-ல் தொடங்கிய கோயம்புத்தூர் ஸ்டேன்ஸ் நிறுவனம் லிலாசினம் பூஞ்சையைத் தூளாக விற்கிறது. அப்பக்கூடலிலும் சத்தியமங்கலத்திலும் பெரிய சர்க்கரை ஆலைகள் இயங்குகின்றன. கவுந்தப்பாடியில் நாட்டுச் சர்க்கரைக்கென்றே சந்தை இருக்கிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அங்கிருந்து சர்க்கரை போகிறது. ரசாயனம் குறைந்த கரும்புக்கு இங்கே வாங்குவோர் இல்லை என்று சொல்ல முடியாது.

உயிரியல் முறை கரும்புக்காரர்களுக்குப் புதிதும் அன்று. தண்டுத் துளைப்பான்களுக்கு எதிராக முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டுவது பல ஆலைப் பகுதிகளில் பழகிப்போன வேலை. 2002-க்குப் பிறகு மேற்கு, தென் மாநிலங்களில் வெள்ளைப் பஞ்சுப் பேன் படையெடுத்தபோது, வடகிழக்கிலிருந்து கொண்டுவரப்பட்ட என்கார்சியா என்ற சிறு குளவி அதை அடக்கியதை விவசாயிகள் தோகையிலேயே பார்த்தார்கள். நூற்புழுப் பூஞ்சைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. புழுவும் தெரியாது, பூஞ்சையும் தெரியாது, பலனும் வெட்டுக்கு முன்னால் தெரியாது. நம்பிக்கை முழுவதும் பொட்டலத்தின் தரத்தில் போய் நிற்கிறது. பூஞ்சை உயிருள்ள சரக்கு. கோடையில் தகரக் கூரைக் கடையில் மாதக்கணக்கில் கிடந்தால், உறையில் அச்சிட்ட எண்ணிக்கை உள்ளே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

நடைமுறைக்கு ஏற்ற ஒரு வாசல், பருச்சீவல் நாற்றங்கால். நீடித்த நவீன கரும்பு சாகுபடி பரவிய பிறகு, ஒற்றைப் பருவைக் குழித்தட்டில் தென்னைநார்க் கழிவில் வளர்த்து நடுவது கொங்கில் பழக்கமாகிவருகிறது. ஒரு ஏக்கருக்கான நாற்று சில மூட்டை நார்க்கழிவுக்குள் அடங்கிவிடும். மேலே சொன்ன எண்ணிக்கைப் பிரச்சினையில் பெரும்பகுதி இங்கே கரைந்துவிடுகிறது. வேர் புறப்படும்போதே பூஞ்சை உடனிருக்கும். வேம் பூஞ்சை குடியேறவும் அதுவே சரியான நேரம். ஆனால் அதே பருவைச் செவ்வழுகலுக்கும் கரிப்பூட்டைக்கும் எதிராகக் கார்பென்டசிம் கரைசலில் நனைப்பதும் வழக்கம். டிரைக்கோடெர்மாவை ஒடுக்கும் மருந்து அது. ஒரு கையால் நட்டதை மறுகையால் பிடுங்குவதுபோன்ற இந்த முரணை நாற்றங்கால் கையேடுகள் நேராக எதிர்கொள்ள வேண்டும். நனைப்புக்கும் பூஞ்சை இடுவதற்கும் எத்தனை நாள் இடைவெளி போதும் என்பது ஆய்வுக்கூடத்தில் எளிதாகத் தீர்க்கக்கூடிய விஷயம்.

இன்னும் தீராதவை

இதுவரை வந்த சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் மிதமான நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. சட்டியிலும் நாற்றங்காலிலும் பூஞ்சைகள் நூற்புழுவைக் குறைக்கின்றன என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. வேர்முடிச்சு நூற்புழு மேலோங்கிய நிலத்தில் முட்டை தேடும் பூஞ்சைக்கும், வேர் அழுகல் நூற்புழு மேலோங்கிய நிலத்தில் வேம் பூஞ்சைக்கும் சோகைப் போர்வைக்கும் வாய்ப்பு கூடுதல் என்று தோன்றுகிறது. போடும் பூஞ்சை, வளர்க்கும் பூஞ்சை என்ற இரண்டு கட்சிகளுக்கும் இடையிலான சண்டை ஓரளவு செயற்கையானது. தொழு உரமும் சோகையும் இல்லாத மண்ணில் போடும் பூஞ்சை நிலைக்காது. நாற்றின் முதல் இரண்டு மாதங்களுக்குள் சோகையின் பலன் வந்துசேராது.

தீராத கேள்விகளில் முதலாவது காலம். கரும்பு ஓராண்டுப் பயிர். அதன்பின் ஒன்றிரண்டு மறுதாம்பு. நடவின்போது இட்ட பூஞ்சை இரண்டாம் கட்டையின்போது வேரடியில் உயிரோடு இருக்குமா, அல்லது ஒவ்வொரு கட்டைக்கும் திரும்ப இட வேண்டுமா? செலவுக் கணக்கு முழுவதும் இதைப் பொறுத்தது. அடுத்தது வெப்பம். பெருவிலோ இங்கிலாந்திலோ எடுத்த இனக்கூறைவிடக் கொங்குச் செம்மண்ணிலிருந்தே பிரித்தெடுத்தவை இந்தக் கோடையைத் தாங்கக்கூடும். வட இந்தியாவுக்கான முதல் கலப்புக் கரும்பான கோ 205-ஐ 1918-ல் தருவதற்குக் கோயம்புத்தூர்க் காட்டு நாணலைத் தந்தையாகத் தேர்ந்த நிறுவனத்துக்கு, உள்ளூர் மண்ணில் தேடுவதன் பயனைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாதுகாப்பும் கவனிக்க வேண்டியது. லிலாசினம் பூஞ்சையின் சில இனக்கூறுகள் மனிதர்களின் கண்ணில், குறிப்பாகக் கருவிழியில், தொற்று உண்டாக்கிய மருத்துவப் பதிவுகள் உண்டு. உடல் வெப்பத்தில் வளராத இனக்கூறுகளைத் தேர்ந்தெடுப்பது சாத்தியமானதே. அதனால் எந்த இனக்கூறு என்று குறிக்காத பொட்டலம் சந்தையில் இருக்கக் கூடாது; தூளைக் கையாளுபவருக்கு முகக்கவசமும் கண்ணாடியும் தேவை. தீங்கற்ற நூற்புழுக்கள் என்ன ஆகும் என்பதும் போதுமான அளவு கேட்கப்படாத கேள்வி. பூச்சிகளைக் கொல்லும் ஹெட்டிரோராப்டைட்டிஸ் இண்டிகா என்ற நூற்புழு கோயம்புத்தூரிலிருந்துதான் கிடைத்து, 1992-ல் பெயர் பெற்றது. கரும்பின் வெள்ளை வேர்ப்புழுவுக்கு எதிராக அத்தகைய நூற்புழுவையும், அதே வயலில் பொறி வைக்கும் பூஞ்சையையும் இட்டால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்குமா என்று இந்த மண்ணிலேயே பார்க்க வேண்டும்.

இவற்றில் பலவற்றுக்கு விடைதர ஒரே வடிவிலான வயல் சோதனை போதும். மஞ்சளுக்குப் பின் கரும்பு நடும் சென்னிமலைப் பக்கத்துச் செம்மண் தோட்டங்கள் சிலவற்றில் நடவுக் கரும்பும் இரண்டு கட்டையும் முடியும்வரை, சோகை எரித்த பாத்தி, பரப்பிய பாத்தி, நாற்றங்காலில் பூஞ்சை இட்ட பாத்தி, இரண்டும் சேர்ந்த பாத்தி, எதுவும் செய்யாத பாத்தி என்று பிரித்து, புழு இனங்களையும் டன் கணக்கையும் சர்க்கரைக் கட்டுமானத்தையும் ஒவ்வொரு வெட்டிலும் அளக்க வேண்டும். எடைமேடையும் ஆய்வுக்கூடமும் ஆலைகளிடம் இருக்கின்றன. நூற்புழுவை எண்ணத் தெரிந்தவர்கள் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத இந்தச் சோதனைக்குத் தன் தோட்டத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் விவசாயியின் விளைச்சல் இழப்பை யார் ஏற்பது என்பதை முதலில் தீர்த்தாக வேண்டும்.